சைக்கிள் நடுவில் 'எல்லாம் நார்மல்' என்று ரிப்போர்ட் வந்தால் நம்பாதீர்கள்

'சைக்கிள்' என்று சொல்லிச் சில வாரங்கள் தொடர்ந்து ஸ்டெராய்டு போட்டு உடம்பு ஏற்றும் தம்பிகளுக்கும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அதை எடுப்பது சரியா தப்பா என்ற பேச்சு இப்போது வேண்டாம். 'நான்தான் அப்பப்போ பிளட் டெஸ்ட் எடுத்துக்கிறேனே' என்று ஒரு தைரியத்தில் இருக்கிறீர்கள் அல்லவா, அந்தத் தைரியத்தை வைத்தே ஏமாற்றுகிறார்கள். என் தம்பி அப்படித்தான் ஏமாந்தான்.

அவனுக்குப் பயிற்சி கொடுக்கும் கோச்தான் ஊசியும் மாத்திரையும் தருகிறவர். பாடிபில்டர்களுக்கென்று ஒரு பரிசோதனை பேக்கேஜையும் அவரே விற்கிறார். எண்பதுக்கு மேல் டெஸ்ட், ஜிம்முக்கே ஆள் வந்து ரத்தம் எடுப்பார், ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வரும், வீட்டுக்குத் தெரியாது. இந்தக் கடைசி வசதிக்காகவே தம்பி அதை எடுத்தான். நான் லேப் டெக்னீஷியன். என் கண்ணில் பட்டால் கேள்வி வரும் என்று அவனுக்குத் தெரியும்.

எண்பது டெஸ்ட் என்பதே ஒரு கணக்கு விளையாட்டு. ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி. டெஸ்டுக்கான ஒரு டியூபை மெஷினில் ஒரு தடவை ஓட்டினால் இருபது எண்கள் சும்மா வந்துவிடும். கொழுப்பு ரிப்போர்ட்டில் வி.எல்.டி.எல். என்று இருப்பதைப் பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை, ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்துப் போடுகிறார்கள். விகிதங்களும் அப்படித்தான். இது பல இடங்களில் நடப்பதுதான் என்று விட்டுவிடலாம். எங்களுக்கு நடந்தது வேறு.

ரிப்போர்ட் முழுக்கப் பச்சையாக, அதாவது எல்லாம் நார்மல் என்று வந்தது. 'லிவர் சூப்பர், கிட்னி சூப்பர், டோஸ் ஏத்தலாம்' என்றார் கோச். ஏற்றினார்கள். அப்புறம் தம்பிக்குத் தலைவலி விடவே இல்லை, முகம் எப்போதும் சிவந்திருந்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரு நாள் மூக்கில் ரத்தம் வந்தபோதுதான் போனை என்னிடம் நீட்டினான். 'ரிப்போர்ட் நார்மல்தான்கா, பாரேன்' என்றான்.

நான் முதலில் பார்த்தது எல்.ஹெச்., டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் சொல்லி விரைக்குக் கட்டளையிடும் ஹார்மோன். அதில் 5.1 என்று இருந்தது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றிக்கொண்டிருக்கும் ஆணுக்கு இது வரவே வராது. ரத்தத்தில் ஹார்மோன் மிதமிஞ்சி இருந்தால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். அது சுரக்கும் எல்.ஹெச்.சும் எஃப்.எஸ்.ஹெச்.சும் பூஜ்யத்தை ஒட்டி விழுந்துவிடும். அடுத்தது நல்ல கொழுப்பான ஹெச்.டி.எல்., 49. அப்போது அவன் ஸ்டானோசோலோல் மாத்திரையும் விழுங்கிக்கொண்டிருந்தான். வாய்வழி எடுக்கும் இந்த வகை ஸ்டெராய்டுகள் அதைச் சில வாரங்களிலேயே தரைமட்டமாக்கிவிடும். ஈரலிலும் தசையிலும் இருக்கும் நொதியான ஏ.எஸ்.டி. 22, கனமான பயிற்சிக்குப் பிறகு ஏறியிருக்க வேண்டியது. முந்தின நாள் கனமான டெட்லிஃப்ட் போட்டவனுடைய ரத்தமாம் அது. ஒன்று, அவன் போட்ட ஊசியும் மாத்திரையும் போலி. இல்லையென்றால் இந்த ரிப்போர்ட் போலி.

'ரத்தம் எப்படிடா எடுத்தாங்க?' என்று கேட்டேன். அன்றைக்கு அவன் ஸ்டேட்டஸில் போட்ட படத்தைக் காட்டினான். கையில் ஊசி, பக்கத்தில் ஊதா மூடி போட்ட ஒரே ஒரு டியூப். வேறு டியூபில் எடுக்கவே இல்லை என்றான்.

லேபில் வேலை பார்க்கும் யாருக்கும் இது போதும். ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமல் இருக்க பொட்டாசியம் இ.டி.டி.ஏ. உப்பு இருக்கும். அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த டியூபிலிருந்து பொட்டாசியம் பார்த்தால் உயிரோடு இருக்கும் மனிதனுக்கு இருக்க முடியாத அளவு வரும், கால்சியம் பாதாளத்துக்குப் போகும், ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியும் சரிந்துவிடும். ஆனால் தம்பியின் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 4.3, கால்சியம் 9.6, ஆல்கலைன் பாஸ்படேஸும் நார்மல். அந்த ரத்தத்தில் இந்த டெஸ்டுகளைச் செய்யவே இல்லை. உட்கார்ந்து எண்களை டைப் அடித்திருக்கிறார்கள். கீழே ஒட்டியிருந்த கையெழுத்துக்குப் பக்கத்தில் டாக்டரின் பதிவு எண்கூட இல்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஹீமோகுளோபின் 19.4, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹீமட்டோகிரிட் 58 சதவீதம். டாக்டரின் மேற்பார்வையில் டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை எடுப்பவர்களுக்கே 54-ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்தச் சொல்கிறார்கள். ரத்தம் கெட்டிப்பட்டு எங்கே வேண்டுமானாலும் அடைக்கலாம் என்பதால்தான் அது. ஹெச்.டி.எல். 13. எல்.ஹெச். 0.1-க்கும் கீழே. டெஸ்டோஸ்டிரோனுக்கு எண்ணே வரவில்லை, மெஷின் அளக்கக்கூடிய 1500-க்கு மேல் என்று மட்டும் வந்தது. ஊசி போலி இல்லை என்பது அதோடு தெளிவானது. ரத்த அழுத்தம் 164/102. ஜிம்மில் ஒருவரும் ஒரு தடவைகூட அவனுக்குப் பிரஷர் பார்த்ததில்லை.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு என்று தம்பியிடம் முன்பே சொல்லியிருந்தேன். எந்த மருந்து, எவ்வளவு, எப்போதிலிருந்து என்று ஒன்று விடாமல் சொன்னான். அவர் திட்டவில்லை, குறித்துக்கொண்டார். அப்படிச் சொன்னதால்தான் ஏ.எஸ்.டி.யும் அதே மாதிரி நொதியான ஏ.எல்.டி.யும் ஏறியிருந்ததைப் பார்த்துவிட்டு உடனே ஈரல் என்று முடிவு கட்டாமல், ஈரலைக் காட்டும் ஜி.ஜி.டி., பிலிருபின், தசைச் சேதத்தைக் காட்டும் சி.கே. மூன்றையும் சேர்த்துப் பார்த்தார். முதல் இரண்டும் சரியாக இருந்தன, சி.கே. எக்கச்சக்கம். அதாவது அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு தசையிலிருந்து வந்தது. கிட்னி வெளியேற்றும் தசைக் கழிவான கிரியேட்டினினும் கூடுதலாக இருந்தது. தசை அதிகம் உள்ளவனுக்கு அதை மட்டும் வைத்து கிட்னியைச் சொல்ல முடியாது என்று, தசையைப் பெரிதாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற கிட்னி டெஸ்டை எழுதிக் கொடுத்தார். அந்த பேக்கேஜில் சி.கே., ஜி.ஜி.டி., சிஸ்டாட்டின் சி எதுவுமே கிடையாது, விட்டமின்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன.

இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவும் எடுக்கச் சொன்னார். அதில் இதயச் சுவர் தடித்திருந்தது. ரத்தப் பரிசோதனை எதிலும் இது தெரியாது என்பதை நன்றாகக் கவனியுங்கள். 2017-ல் சர்க்குலேஷன் இதழில் வந்த ஓர் ஆய்வில் எடை தூக்கும் 140 ஆண்களைப் பார்த்தார்கள். ஸ்டெராய்டு எடுத்தவர்களுக்கு இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு சராசரியாக 52 சதவீதம், எடுக்காதவர்களுக்கு 63. வருஷக்கணக்கில் எடுப்பவர்களுக்கு எக்கோ இல்லாத செக்கப்பை நான் முழுமையான செக்கப் என்று சொல்லமாட்டேன்.

கோச்சிடம் இரண்டு ரிப்போர்ட்டையும் வைத்தோம். 'தண்ணி குடிக்காம வந்திருப்பான், அதான் எண் மாறுது' என்றார். தண்ணீர் குறைந்தால் ஹீமட்டோகிரிட் கொஞ்சம் ஏறும், உண்மைதான். எல்.ஹெச். 5.1-லிருந்து பூஜ்யத்துக்குத் தண்ணீரால் இறங்காது. பிறகு, பணத்தைத் திருப்பித் தருகிறேன், வெளியே பேச வேண்டாம் என்றார். நாங்கள் வாங்கவில்லை. ஸ்டேட்டஸ் படம், இரண்டு ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து சுகாதாரத் துறைக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம்.

மருந்து விற்கிறவரே விற்கும் டெஸ்டை எடுக்காதீர்கள். ரிப்போர்ட் மோசமாக வந்தால் நஷ்டம் அவருக்குத்தான். நீங்களே நேரில் லேபுக்குப் போங்கள். மருத்துவ லேப்களுக்கான தர அளவுகோலான ஐ.எஸ்.ஓ. 15189 அங்கீகாரம் இருக்கிறதா, நீங்கள் எடுக்கும் டெஸ்டும் அதில் அடங்குமா என்று கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. ரத்தம் எடுக்கும்போது எத்தனை டியூப், என்ன மூடி என்று பாருங்கள். டியூபில் உங்கள் பெயரை உங்கள் எதிரிலேயே ஒட்டச் சொல்லுங்கள். முடிக்காக பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதிக அளவு பயோட்டின் பல ஹார்மோன் டெஸ்டுகளைப் பொய்யாக்கும். டெஸ்டுக்குச் சில நாள் முன்பிருந்தே கனமான பயிற்சியை நிறுத்தி வையுங்கள்.

தம்பி மருந்தை நிறுத்திவிட்டான். பிரஷர் மாத்திரை ஓடுகிறது. சொந்த ஹார்மோன் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை மனச்சோர்வு வரலாம் என்று ஹார்மோன் டாக்டர் அவனையும் எங்களையும் உட்கார வைத்துச் சொன்னார். அவன் கூடப் பயிற்சி செய்கிற பையன்கள் சிலர் அதே பேக்கேஜை எடுத்திருக்கிறார்கள், அவர்களுக்கும் எல்லாம் பச்சைதான்.

இப்படி ஜிம்மிலேயே ரத்தம் கொடுத்து ரிப்போர்ட் வாங்கியவர்கள், அதில் எல்.ஹெச். எவ்வளவு என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். சைக்கிளில் இருந்துகொண்டே அது நார்மல் என்றால், முதலில் பிரஷர் பாருங்கள், நல்ல லேபில் ஒரு சி.பி.சி. எடுங்கள், இரண்டையும் கொண்டுபோய் டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு வலி, திடீர் மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, கை கால் மரத்துப்போவது, பேச்சு குழறுவது, இதில் எது வந்தாலும் டெஸ்டுக்கு நேரம் குறித்துக்கொண்டு நிற்காதீர்கள், நேராக எமர்ஜென்சிக்குப் போய் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.