சாக் சோதனை: நெட்எம், பேக்கெட்ட்ரில், மெட்ரோ ரயில்

மூன்றாவது பாக்கெட் வரவில்லை, நான்கும் ஐந்தும் ஆறும் வந்துவிட்டன என்று பெறும் முனை தெரிவிக்க, தரவைப் பாக்கெட்டுகளாக இணையத்தில் அனுப்பும் டிசிபி நெறிமுறையில் உள்ள ஏற்பாடுதான் சாக் (SACK). ஆர்எஃப்சி 2018 என்ற எண்ணுள்ள இணையத் தர ஆவணம் 1996-இல் அதை வகுத்தது. அதைக் கேட்டு அனுப்பும் முனை ஒழுங்காக நடக்கிறதா? தண்டையார்பேட்டை வீட்டில் பழைய மடிக்கணினிகளை வைத்துக்கொண்டு மூன்று வழிகளில் பார்த்தேன்.

பாக்கெட் இழப்பைச் செயற்கையாக உண்டாக்கும் நெட்எம் லினக்ஸிலேயே இருக்கிறது. ஒரே கட்டளையில் நூற்றுக்கு ஒரு பாக்கெட்டைத் தொலைக்கலாம். அனுப்பும் கணினியிலேயே அதைப் பூட்டி முதல் நாள் ஏமாந்தேன். அங்கே விழுந்த பாக்கெட்டைப் பற்றி மேலே இருக்கும் டிசிபிக்குத் தகவல் போய்விடுகிறது. இழப்பே நேராததுபோல் அது நடந்துகொள்ளலாம். நடுவில் இன்னொரு கணினியைப் பாலமாக வைத்த பிறகே முடிவுகளை நம்ப முடிந்தது. அப்போதும் தெரிவது வேகம் மட்டும். விதி மீறப்பட்டதா என்று அறிய, போய்வரும் பாக்கெட்டுகளைப் பதியும் டிசிபிடம்ப் கருவியின் பதிவை வரிவரியாகப் படிக்க வேண்டும், கண் பூத்துவிடும்.

கூகுள் பொறியாளர்கள் 2013-இல் வெளியிட்ட பேக்கெட்ட்ரில் என்ற சோதனைக் கருவி வேறு ரகம். எதிர்முனை என்ன சொல்ல வேண்டும் என்பதை நாமே எழுதிவிடுகிறோம். ஆயிரம் பைட் பாக்கெட்டுகள் பத்துப் போனதும், 1001 முதல் 4000 வரையிலான பைட்டுகள் வந்தன, முதல் ஆயிரம் வரவில்லை என்ற ஒப்புகையைப் புகுத்துகிறேன். முதல் துண்டு உடனே மறுபடி வர வேண்டும். வேறு துண்டு வந்தாலும், தாமதித்தாலும் சோதனை அந்த வரியிலேயே தோற்றுவிடும்.

இதைவிடப் பெரிய வசதி, சொன்ன சொல் மாறும் பெறும் முனையை உருவாக்கலாம் என்பது. வந்தது என்று சாக்கில் சொன்ன தரவைப் பின்னர் வீசிவிட ஆர்எஃப்சி 2018 இடம் தருகிறது. ஆகவே, வரிசையாக எல்லாம் வந்ததாக ஒப்புகை கிடைக்கும்வரை அனுப்பும் முனை தன் பிரதியை விடக்கூடாது. நெட்எம்மை மாதக்கணக்கில் ஓட்டினாலும் இந்த நிலை தானாக அமைவது அரிது. 2019-இல் லினக்ஸின் மையமான கர்னலையே கவிழ்த்த 'சாக் பேனிக்' பிழையும் வேண்டுமென்றே கோத்த சாக் வரிசையால் தூண்டப்படுவதுதான். அதனால் முதல் சோதனை எனக்கு எப்போதும் பேக்கெட்ட்ரில்தான், ஸ்கிரிப்ட் எழுதுவது அலுப்பாக இருந்தாலும்.

மெட்ரோவிலும் முயன்றேன். வண்ணாரப்பேட்டையில் ஏறி, கைபேசி இணைப்பில் கோப்பைப் பதிவேற்றிக்கொண்டே விம்கோ நகர் வரை போனேன். தண்டையார்பேட்டை தாண்டி ரயில் சுரங்கத்திலிருந்து மேலேறுகையில் ஏதாவது சிக்கும் என்று நினைத்தேன். சாக் அபூர்வமாகவே வந்தது. தொலைந்ததைக் கைபேசியின் ரேடியோ அடுக்கே பெரும்பாலும் மீட்டுவிடுகிறது. டிசிபிக்குத் தெரிவது தாமதம்தான். திரும்பும்போது மடிக்கணினியை மூடிவிட்டுத் திருவொற்றியூர் தேரடியில் இறங்கித் தியாகராஜர் கோயிலுக்குப் போனேன்.