சூளைக்கு நாள் குறிக்க முடியாது: குறும்படத்துக்குக் கைபேசியா, வாடகைக் கேமராவா?

திருநெல்வேலி மாவட்டத்துக் காருகுறிச்சியில் பானை வனையும் ஓர் ஆச்சியைப் பற்றி, கல்லூரி இறுதியாண்டுப் பணிக்காக, ஒன்பது நிமிடக் குறும்படம் ஒன்றை நாங்கள் நால்வர் எடுத்து முடித்தோம். வாடகைக்கு எடுத்த, லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய டிஎஸ்எல்ஆர் கேமராவில் தொடங்கிக் கைபேசியில் முடித்தவர்கள் என்பதால், இரண்டையும் பற்றிச் சொல்ல எங்களுக்கு ஓரளவு தகுதி உண்டு. நான் கைபேசியின் பக்கம் சாய்கிறவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படத்தின் தரத்தில் கேமராவுக்கே வெற்றி. 2008-இல் கேனான் 5டி மார்க் 2 வந்த பிறகு ஸ்டில் கேமராவில் குறும்படம் எடுப்பது பரவலான வழக்கமானது சும்மா இல்லை. வாடகைக்குக் கிடைக்கும் கேமராக்கள் பலவற்றில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவுச் சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் அகலமும் 15 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. கைபேசியின் சென்சார் அதில் ஒரு சிறு பங்குதான். வாய் அகலமாகத் திறக்கும் 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் ஒன்றை மாட்டிவிட்டால் ஆச்சியின் முகம் தனித்து நிற்க, பின்னால் அடுக்கிய பானைகள் இதமாக மங்கிவிடும். கைபேசி அதைக் கணக்குப் போட்டுச் செய்து காட்டுகிறது. கலைந்த நரைமுடியின் ஓரத்தில் அந்தக் கணக்கு அடிக்கடி தவறுகிறது.

ஒலியைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் சிலவற்றில் வெளி மைக் சொருகத் துளையே கிடையாது; எங்களுக்குக் கிடைத்ததும் அப்படிப்பட்ட ஒன்றுதான். ஆகவே எதில் படமெடுத்தாலும், இன்னொரு கைபேசியில் காலர் மைக்கைச் சொருகி ஒலியைத் தனியே பதிந்து, தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டி, பின்னர் அந்தத் தட்டலை வைத்துப் படத்தோடு பொருத்தினோம். ஆடிக் காற்றுக்கு மைக்கின்மேல் பஞ்சு உறை கட்டாயம் வேண்டும்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது படமும் அல்ல, ஒலியும் அல்ல, நாள். வாடகைக் கடையில் கேமராவுக்கும் ஒரு லென்ஸுக்குமாக நாளொன்றுக்கு 1,200 ரூபாயும், முன்பணமும், அசல் அடையாள அட்டையும் கேட்டார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் எடுக்கப் போனது சூளையை. பச்சைப் பானைகள் நன்றாகக் காய்ந்து, வானமும் தெளிந்திருந்தால்தான் அவற்றை அடுக்கி, வைக்கோல் மூடி, மேலே மண் குழைத்துப் பூசி நெருப்பு வைப்பார்கள்; ஈரம் இருக்கும் பானை நெருப்பில் வெடித்துவிடும். இரண்டு நாள் வாடகையைக் கட்டி, செங்கோட்டை செல்லும் காலை ரயிலில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு போய் இறங்கினால், மேற்கே மலை மறைந்து சாரல் தூறிக்கொண்டிருந்தது.

“மானம் மூடிக் கெடக்கு, இன்னைக்கு எங்கல சூளை வைக்க? வெயில் அடிச்சா சொல்லுதேன், அப்ப வா” என்று ஆச்சி முடித்துவிட்டார்.

மறுநாளும் வெயில் அடிக்கவில்லை. 2,400 ரூபாய்க்கு எங்களிடம் மிஞ்சியது, சக்கரம் சுற்றும் காட்சிகளும் ஒரு நேர்காணலும். அந்த நேர்காணலும் பயன்படவில்லை. முக்காலியை விரித்துக் கேமராவை ஏற்றியதைப் பார்த்ததும் ஆச்சி கையிலிருந்த மண்ணைக் கழுவிவிட்டு வந்து, ஸ்டுடியோவில் அமர்வதுபோல நேராக அமர்ந்துகொண்டார். எங்களுக்கு வேண்டியதே அந்த மண் ஒட்டிய கைதான்.

அதன்பின் கைபேசியோடு ஆறு முறை போனோம். சூளை வைக்கவில்லை என்றால் நட்டம் ரயில் கட்டணம் மட்டுமே. மூன்றாம் முறை போனபோது, “எந்நேரமும் போனையே நோண்டிக்கிட்டு இருக்கியே, சாப்பிட்டியால?” என்று கேட்டுக்கொண்டே பானையின் உள்ளே கல்லைப் பிடித்து வெளியே பலகையால் தட்டத் தொடங்கினார். ஈர மண்ணில் பலகை பட்ட தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மறைவதை ஒரே ஷாட்டில், நிறுத்தாமல் எடுத்தேன். எங்கள் படத்தில் பலரும் பாராட்டிய இடம் அதுதான். வாடகை நாளில் அது கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை; கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஷாட் பட்டியலை முடிக்கும் அவசரத்தில் நாங்கள்தான் அவரை நிறுத்தியிருப்போம்.

கைபேசிக்கும் வேலை வைக்காமல் இருக்கத் தெரியாது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; டியூப் லைட் நொடிக்கு நூறு முறை ஒளிர்ந்து மங்கும். ஒவ்வொரு ஃப்ரேமும் எவ்வளவு நேரம் ஒளியை வாங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் ஷட்டரைக் கைபேசியின் விருப்பத்துக்கு விட்டதால் வீட்டுக்குள் எடுத்த முதல் நாள் காட்சிகளில் பட்டை பட்டையாக ஓடியது. பிறகு ஓப்பன் கேமரா என்ற இலவசச் செயலியில் நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 நொடி என்று நிறுத்திவைத்தோம். எல்லாக் கைபேசியும் இதை அனுமதிக்காது. 2023-இல் ஐபோனுக்கும் 2024-இல் ஆண்ட்ராய்டுக்கும் வந்த பிளாக்மேஜிக் கேமரா செயலியும் இலவசம்தான். இன்னொன்று, கைபேசி ஃப்ரேம் எண்ணிக்கையைத் தானாகக் கூட்டிக் குறைப்பதால், தனியே பதிந்த ஒலி சில நிமிடங்களில் உதட்டசைவை விட்டு விலகும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் ஃப்ரேம் வேகத்தை ஒரே அளவாக மாற்றிய பிறகே, டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் எடிட் செய்ய உட்கார்ந்தோம். கூடுதல் நுணுக்கமான 4கே வீடியோவை எங்கள் 8 ஜிபி ரேம் மடிக்கணினி தாங்காது என்பதால், அதைவிடச் சிறிய 1080 அளவிலேயே எடுத்தோம்; நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 எம்பி ஆனது.

டிஎஸ்எல்ஆருக்குப் பின் வந்த, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவை நான் ஒரே ஒரு மாலைதான் கையாண்டிருக்கிறேன், ஆகவே என் ஒப்பீடு பழைய டிஎஸ்எல்ஆரோடு மட்டுமே. அதேபோல, நடிகர்களை வைத்து, நாள் குறித்து, கதைப்படம் எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாமல் போகலாம். அவர்களுக்கு நாள் சொன்னால் நடிகர் வருவார்.

கைபேசி எங்களைக் கைவிட்ட இடம் ஒன்று உண்டு. சூளை எரிந்த இரவில், மண்பூச்சின் வெடிப்புகள் வழியே தெரிந்த செந்தணலும் அதன் ஒளியில் ஆச்சியின் பாதி முகமும் கைபேசியில் வெறும் புள்ளிக் கூட்டமாகப் பதிந்தன. படத்தில் அந்தக் காட்சியை நான்கு நொடிக்கு மேல் வைக்க முடியவில்லை. அடுத்த படத்திலும் சூளை வருகிறது. அந்த ஓர் இரவுக்கு மட்டும் வாடகைக் கேமராவை எடுப்பதாக இருக்கிறோம். அதுவும் வைக்கோல் மூடியாயிற்று என்று ஆச்சியிடமிருந்து தகவல் வந்த பிறகு.