கொக்கியா, ஊசியா, ஓலையா, களிமண்ணா: திரையை விட்டு விலக எது கைகொடுக்கும்?

நாள் முழுவதும் கணினிக்கு முன் அமர்ந்திருந்துவிட்டு, கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஊரும் பஸ்ஸிலும் கைப்பேசியைப் பார்த்தபடியே வீடு திரும்பும் ஒருவரிடம், மனம் ஆற ஏதாவது கைவேலை பழகுங்கள் என்று சொல்வது எளிது. எந்தக் கைவேலை என்று அவர் திருப்பிக் கேட்டால்தான், சொன்னவர்கள் பொதுப்படப் பேசி நழுவிவிடுகிறார்கள். எது அழகாக வரும், எது மலிவாக முடியும் என்று ஒப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வேலை நடக்கும்போது கண் எங்கே இருக்கிறது, கை முழுவதும் அதில் பிடிபட்டிருக்கிறதா, பிழைத்தால் திருத்த முடியுமா, பாதியில் எழுந்து போக முடியுமா என்பவையே இங்கு கேட்க வேண்டிய கேள்விகள். குரோஷே எனும் கொக்கிப் பின்னல், எம்பிராய்டரி, பனையோலை இழைப்பு, களிமண் ஆகிய நான்கையும் அந்தக் கேள்விகளின் முன் நிறுத்திப் பார்க்கிறேன். பத்திக்கை ஒதுக்கிவிட்டேன்; உருகிய மெழுகையும் சாயத் தொட்டியையும் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் வைத்துக்கொண்டு எவரும் இளைப்பாற முடியாது. தென்கரையின் பீரளு ரேந்தையையும் சேர்க்கவில்லை. திண்டில் குத்திய ஊசிகளைச் சுற்றிப் பல சோடி நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் அந்த வேலையை, தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடங்குவது கடினம்.

குரோஷேயின் பலம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. இரண்டு ஊசிகளால் பின்னும்போது ஒரு வரிசை முழுவதும் கண்ணிகள் ஊசியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒன்று நழுவினால் கீழ்நோக்கி அவிழ்ந்துகொண்டே போகும். சாதாரணக் குரோஷேயில் கொக்கியில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான். ஆகவே பிழைத்த இடம் வரை நூலை இழுத்து உருவிவிட்டு, அதே நூலாலேயே மீண்டும் தொடங்கலாம்; குக்கர் விசிலடித்தால் கண்ணியைச் சற்றுப் பெரிதாக்கி விட்டுவிட்டு எழுந்து போகலாம். புறக்கோட்டையிலோ வெள்ளவத்தையிலோ தையற்பொருள் கடையொன்றில் நான்கு மில்லிமீற்றர் கொக்கியும் பருத்தி நூலும் வாங்கினால் போதும். கம்பளி நூல் வேண்டாம், கொழும்புப் புழுக்கத்தில் அது மடியிலும் விரலிலும் ஒட்டும். கை பழகிய பின் தடவிப் பார்த்தே பின்னலாம் என்பதால் மங்கிய வெளிச்சமும் தடையாவதில்லை. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் 13 மணிநேரம் வரை நீண்டதை நினைத்துப் பார்த்தால், இது சிறிய வசதியன்று.

ஆனால் அந்த வசதியே அதன் குறையும் ஆகிறது. கை தானாக ஓடத் தொடங்கியதும் கண்ணுக்கு வேலையில்லாமல் போகிறது; வேலையற்ற கண் நேராகத் தொலைக்காட்சி நாடகத்துக்குத்தான் போகும். இரண்டு ஊசிகளால் பின்னுவோர் 3,545 பேரிடம் நடத்தப்பட்டு 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், அடிக்கடி பின்னுவோர் கூடுதலான அமைதியை உணர்வதாகத் தெரிவித்திருந்தனர். பதிலளித்தவர்கள் அனைவரும் ஏற்கெனவே பின்னலை விரும்பிச் செய்பவர்கள் என்பதைக் கழித்துவிட்டுத்தான் அதைப் படிக்க வேண்டும் என்றாலும், அமைதி கிடைக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. திரை விலகுகிறதா என்பதுதான் ஐயம். வைத்தியசாலைக் கிளினிக்கில் காத்திருக்கும்போதும், இருக்கை கிடைத்த ரயில் பயணத்திலும் குரோஷேக்கு ஈடில்லை. வீட்டு வரவேற்பறையில் அதை நான் அவ்வளவாக நம்பமாட்டேன்.

எம்பிராய்டரியின் நிலை நேர்மாறானது. ஆறு இழை நூலிலிருந்து இரண்டு இழையைப் பிரித்து, ஊசியில் கோத்து, துணியில் வரைந்த கோட்டின் மேல் காம்புத் தையல் போடும்போது கண்ணை ஒரு கணமும் எடுக்க முடியாது. திரை தானாகவே தள்ளிப்போகிறது. ஆயினும், எட்டு மணிநேரம் கணினியை உற்றுப் பார்த்துக் களைத்த கண்ணை, அதைவிடக் கிட்டிய தூரத்தில் இருக்கும் நூலை உற்றுப் பார்க்கச் சொல்வது ஓய்வாகுமா? நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, மாலை வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோப்பதே ஒரு தலையிடி. பிழையைப் பிரித்தாலும் நெருக்கமான துணியில் துளைத் தடம் தெரியும். கடற்கரைப் பக்கம் குடியிருப்போர், உப்புக்காற்றில் ஊசி துருப்பிடித்துத் துணியில் கறை ஏற்றும் என்பதால், ஊசியைத் துணியில் குத்தியபடியே வாரக்கணக்கில் விட்டுவிடவும் கூடாது. கடையிலோ வகுப்பறையிலோ நாள் முழுவதும் நின்று வேலைபார்ப்பவர்களுக்கு எம்பிராய்டரியைத் தயங்காமல் சொல்வேன். அலுவலகத் திரைக்கு முன் இருப்பவர்களுக்குச் சொல்லமாட்டேன்.

அவர்களுக்கு நான் சொல்வது பனையோலை. விரலகல வார்கள் கண்ணைச் சுருக்க வைப்பதில்லை. அதே வேளை இரண்டு கைகளும் ஓலையில் மாட்டிக்கொள்வதால் கைப்பேசியை எடுக்கவும் வழியில்லை. வெயிலில் காயவைத்த சார்வோலையின் (குருத்தோலைக்கு அடுத்த ஓலை) ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, ஈரத் துணியில் சுற்றிச் சற்று நேரம் வைத்தால் அது முறியாமல் வளையும். பிறகு ஒன்றன் மேல் ஒன்றாக, ஒன்றன் கீழ் ஒன்றாக அடியை இழைத்து, ஒவ்வோர் ஓலையையும் பெருவிரலால் நெருக்கித் தள்ளும்போது, அடுத்து எது எங்கே போக வேண்டும் என்பது ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டிருக்கிறது. யோசித்து முடிவெடுக்கும் சுமை இல்லை. 2005ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இங்கு பொருந்துகிறது: மண்டலம் எனப்படும் வட்டக்கோல வடிவத்துக்கோ கட்டம்போட்ட வடிவத்துக்கோ வண்ணம் தீட்டிய மாணவர்களின் பதற்றம், வெற்றுத் தாளில் விரும்பியதைத் தீட்டியவர்களின் பதற்றத்தைவிட அதிகம் குறைந்தது. ஓலை தொடர்பான ஆய்வன்று அது. எனினும் களைத்த மனத்துக்குச் சுதந்திரத்தைவிட ஒழுங்கு உதவக்கூடும் என்று எண்ண வைக்கிறது.

ஓலையின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். ஒருமுறை மடித்த ஓலை அந்த மடிப்பை மறப்பதில்லை. பிழைத்த வாரை மாற்றுவதே மேல். நடுவில் விட்டுப் போனால் ஓலை காய்ந்து விறைத்துவிடும் என்பதால் மீண்டும் ஈரத் துணி தேட வேண்டியிருக்கும். விளிம்பு விரலைக் கீறும். மழைக்காலத்தில் மூடிய அலுமாரிக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப்படும் இடத்தில் தொங்கவிடுவதே நல்லது. ஓலைக் கட்டை யாழ்ப்பாணத்திலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி எடுப்பிப்பதுதான் எளிய வழி. முதல் வேலையாகக் கடகம் எனும் பெரிய ஓலைக் கூடையில் கைவைக்க வேண்டாம். மூடியில்லாத உள்ளங்கையளவு பெட்டி போதும்.

களிமண்ணுக்கு மற்ற மூன்றிலும் இல்லாத ஒரு சிறப்பு உண்டு: சேறு அப்பிய விரலால் கைப்பேசியைத் தொட எவருக்கும் மனம் வராது. காயும் வரை எத்தனை முறையும் பிசைந்து புதிதாகத் தொடங்கலாம் என்பதால் பிழை என்ற பேச்சுக்கே இடமில்லை. அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படம் ஆகியவற்றுள் விரும்பியதைக் கொண்டு 45 நிமிடங்கள் வேலைசெய்த 39 பேரில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்தத்துடன் தொடர்புடைய கோர்ட்டிசோல் சுரப்பு குறைந்தது. முன் அனுபவம் இருந்ததா இல்லையா என்பது பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை. ஆனால் சூளையில் சுடாத பாத்திரம் தண்ணீர் பட்டால் கரையும். பயன்படும் பொருள் ஒன்று வேண்டுமென்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். அடுக்குமாடிவாசிகள் கையை வாளித் தண்ணீரில் கழுவி, மண் அடியில் தங்கிய பிறகு மேல்நீரை மட்டும் ஊற்ற வேண்டும். தொட்டியில் நேரே கழுவினால் குழாய் அடைக்கும், கீழ்வீட்டாருடன் மனக்கசப்பும் வரும். விரித்து, நனைத்து, துடைத்து எடுத்துவைக்கும் இந்தச் சடங்கு வேலைநாள் மாலைக்கு ஒத்துவராது. ஞாயிறு முற்பகலுக்கு உரியது.

எதைத் தேர்ந்தாலும் பழகும் வழியைக் கவனிக்க வேண்டும். காணொளியைப் பார்த்துப் பழகத் தொடங்கினால், ஒவ்வொரு கண்ணிக்கும் திரையை நிறுத்தி, பின்தள்ளி, மீண்டும் ஓடவிட வேண்டியிருக்கும். இடையில் வரும் அறிவிப்புகளும் விளம்பரங்களும் மாலையைத் தின்றுவிடும். குரோஷேயையும் எம்பிராய்டரியையும் அச்சிட்ட படங்களைப் பார்த்தே ஓரளவு பழகிவிடலாம். ஓலையில் மூலை திருப்பும் இடம் மட்டும் படத்தில் பிடிபடாது. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ, வடக்கிலிருந்து வந்து பிள்ளைகளுடன் தங்கியிருக்கும் அம்மம்மாமார் சிலருக்கு அது கைவந்த வேலை. ஓலையோடு போய்க் கேட்டால், பெரும்பாலும் முதல் மூலையை அவர்களே திருப்பிக் காட்டிவிட்டு, இரண்டாவதை உங்கள் கையில் தருவார்கள்.