மூளைக்குக் காந்தத் தொப்பி என்று விற்கிறார்கள், வாங்காதீர்கள்

திருகோணமலையிலும் அக்கம்பக்கத்திலும் பாரிசவாதம் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். நகரில் ஒரு மேல்மாடியை வாடகைக்கு எடுத்து, "காந்தப் புலத்தால் மூளையைத் தூண்டும் சிகிச்சை" என்று ஒரு தொப்பியை விற்கிறார்கள். விலை 85,000 ரூபாய். என் அப்பாவிடமும் விற்றுவிட்டார்கள். உப்புவெளி, கிண்ணியாப் பக்கமும் துண்டுப்பிரசுரம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வலது கையும் காலும் வழங்காமல் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்து, பிடித்துப் பிடித்து நடக்கும் அளவுக்கு வந்துவிட்டார். கைதான் இன்னும் திரும்பவில்லை. அந்த ஏக்கத்தைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தவர், "ஐயா, இரத்தத்தில இரும்பு இருக்குத்தானே, காந்தம் அதை மூளைக்கு இழுத்துக்கொண்டு வரும். மூண்டு மாசத்தில நீங்களே கையெழுத்து வைப்பீங்க" என்றார். இரத்தத்தில் உள்ள இரும்பு ஹீமோகுளோபின் என்ற புரதத்தோடு பிணைந்திருக்கிறது. ஆணியைக் காந்தம் இழுப்பது போல அதை இழுக்க முடியாது. அப்படி இழுக்குமென்றால் 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) காந்தம் உள்ள எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரத்துக்குள் போன ஒருவரும் உயிரோடு வெளியே வரமாட்டார்.

இதைவிடப் பெரிய அநியாயம் அடுத்துச் சொன்னது. தொப்பி போடும் காலத்தில் பயிற்சி வேண்டாமாம், நரம்பு களைத்துவிடுமாம். அப்பா நம்பி நிறுத்தினார். அசையாமல் வைத்திருந்த தோள் இறுகிப்போய், இப்போது சட்டை போடும்போதே வலியில் முனகுகிறார். பிசியோதெரபி செய்கிறவர் பார்த்துவிட்டு, கையை உயர்த்தும் பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். காசை எப்படியாவது உழைத்துவிடலாம், போன மாதங்களை யார் தருவது?

அவர்கள் காட்டிய துண்டுப்பிரசுரத்தில் விஞ்ஞானம் இருக்கிறது, அதனால்தான் படித்தவர்களும் நம்புகிறார்கள். நிலையான காந்தத்தை மண்டைக்கு மேல் வைத்து மூளையின் செயல்பாட்டை மாற்றுவது உண்மையான ஆய்வுத் துறை. ஸ்பெயினில் டொலேடோ நகரிலுள்ள முதுகுத்தண்டு நோயாளர் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த அன்டோனியோ ஒலிவியேரோவும் கூட்டாளிகளும் 2011இல் இதை வெளியிட்டார்கள். 45 மில்லிமீற்றர் விட்டமும் 30 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள நியோடிமியம் என்ற வலிமையான காந்தம் ஒன்றை, கையை அசைக்கும் மூளைப்பகுதிக்கு மேல் 10 நிமிடம் வைத்தார்கள். பிறகு அளந்தபோது மூளையிலிருந்து கைத்தசைக்கு வரும் தூண்டல் ஏறத்தாழ கால் பங்கு குறைந்திருந்தது. குறைந்திருந்தது என்பதைக் கவனியுங்கள். சில நிமிடங்களில் அது பழைய நிலைக்குத் திரும்பியும் விட்டது. பின்னர் வேறு ஆய்வாளர்கள் செய்து பார்த்தபோது எல்லோருக்கும் இதே முடிவு கிடைக்கவில்லை. இன்னும் ஆய்வுகூடத்தில் இருக்கும் விஷயம் இது.

அப்பாவுக்குப் பாதிப்பு இடது பக்க மூளையில். மூளையை அடக்கும் ஒன்றைப் பயன்படுத்துவதென்றால் எந்தப் பக்கம், எந்த இடம் என்று மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். இவர்களின் தொப்பியில் தலை முழுக்க ஒரே மாதிரிக் காந்தம் வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

பிரசுரத்தில் போட்டிருந்த இயந்திரத்தின் படம் வேறு கதை. அது கம்பிச்சுருள் வழியாக மின்சாரத்தைக் கணப்பொழுதில் பாய்ச்சி, மாறும் காந்தப்புலத்தால் மூளைக்குள் மின்னோட்டத்தைத் தூண்டும் கருவி. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அன்ரனி பார்க்கர் குழு செய்து காட்டியது. மனச்சோர்வுக்கு 2008இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் அந்த முறைக்குத்தான். அசையாமல் இருக்கும் காந்தம், அசையாத தலைக்குள் அப்படி மின்னோட்டம் எதையும் உண்டாக்காது.

சந்தேகம் வந்ததும் தொப்பியின் தையலைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே மெல்லிய, சின்ன வட்டக் காந்தங்கள். தலைத்தோலிலிருந்து மூளையின் மேற்பரப்பு ஏறக்குறைய 2 சென்றிமீற்றர் உள்ளே இருக்கிறது. காந்தத்தின் வலிமை தூரம் கூடக் கூட மிக வேகமாகக் குறையும். அதனால் அந்தளவு தடிப்புள்ள கொப்பி ஒன்றை இடையில் வைத்து, மறுபக்கம் ஒரு குண்டூசியைப் போட்டேன். ஊசி அசையவே இல்லை. ஒலிவியேரோ பயன்படுத்திய காந்தம் அந்தத் தூரத்திலும் 100 மில்லிடெஸ்லாவுக்கு (0.1 டெஸ்லா) மேல் தரும். தொப்பி வாங்கியவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

அங்கே கண்ட ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. பக்கத்துக் கதிரையில் இருந்த பெரியவருக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பதாக அவருடைய மகள் சொன்னார். "ஒண்டும் செய்யாது அக்கா" என்று அங்கே வேலை செய்த பெடியன் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதே பெடியன் தோளுக்கும் நெஞ்சுக்கும் கட்டவென்று காந்தப் பட்டியும் விற்றுக்கொண்டிருந்தான். காந்தம் கிட்ட வந்தால் பேஸ்மேக்கர் இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிக்காமல் ஒரே வேகத்தில் துடிக்கவைக்கும் நிலைக்கு மாறலாம். அதிர்ச்சி கொடுத்து உயிர்காக்கும் டிஃபிப்ரிலேட்டர் பொருத்தியவர் என்றால், தேவையான நேரத்தில் அது வேலை செய்யாமலே போகலாம். மூளை இரத்தக்குழாயில் கிளிப் போட்டவர்கள், கேட்பதற்காகக் காதுக்குள் கொக்லியர் கருவி வைத்தவர்கள் எல்லோருமே காந்தச் சிகிச்சை என்றால் முதலில் தங்கள் டொக்டரைக் கேட்க வேண்டும். எங்களிடம் இவற்றில் ஒன்றைக்கூட அவர்கள் கேட்கவில்லை.

காசைத் திருப்பிக் கேட்டபோது, பாவித்த பொருளை எடுக்கமாட்டோம் என்றார்கள். பற்றுச்சீட்டில் "ஆரோக்கிய உபகரணம்" என்று மட்டும் இருக்கிறது, சிகிச்சை என்ற சொல்லே இல்லை. வெள்ளைக் கோட்டுக்காரரின் பதிவு இலக்கத்தைக் கேட்டேன், தரவில்லை. இலங்கை மருத்துவ சபையில் பதியாமல் ஒருவர் இங்கே டொக்டராக வைத்தியம் பார்க்க முடியாது. மருத்துவ உபகரணங்களும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையில் பதிவாகியிருக்க வேண்டும். காசு கொடுக்கமுன் இந்த இரண்டு இலக்கங்களையும் கேளுங்கள்.

நாங்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுத்துவிட்டோம். 1977க்கு அழைத்தும் முறையிடலாம். ஏற்கெனவே வாங்கியவர்கள் பற்றுச்சீட்டையும் துண்டுப்பிரசுரத்தையும் எறிந்துவிடாதீர்கள், மூன்று மாதத்தில் குணமாகும் என்று அச்சில் போட்டிருப்பது அதில்தான். அவர்கள் சொல்லி யாராவது பயிற்சியை நிறுத்தியிருந்தால் நாளைக்கே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.