இம்பல்ஸின் முன் ஷாக்: பழையதைச் சரிசெய்வதா, எக்ஸ்பல்ஸ் ஃபோர்க்கை மாட்டுவதா?

2011இல் வந்து சில ஆண்டுகளிலேயே நின்றுபோன ஹீரோ இம்பல்ஸ் பைக், டெல்டாவில் இன்னும் அங்கங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. முன் ஷாக்கில் ஆயில் கசியத் தொடங்கினால் இரண்டு வழிதான். இருக்கிற ஃபோர்க்கை, அதாவது முன் சக்கரத்தின் இரண்டு பக்க ஷாக்கையும், பிரித்துச் சரிசெய்யலாம். இல்லையென்றால் ஹீரோவின் இன்னொரு பைக்கான எக்ஸ்பல்ஸ் 200-இன் ஃபோர்க்கை வாங்கி மாட்டலாம். நான் பழையதையே சரிசெய்தேன். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன்.

எக்ஸ்பல்ஸ் ஃபோர்க் நல்ல பொருள். 37 மி.மீ. குழாய், 190 மி.மீ. ட்ராவல் (ஷாக் அமுங்கும் தூரம்). இம்பல்ஸுக்கே 180 இருப்பதால் ட்ராவலில் பெரிய லாபமில்லை. தவிர, ஃபோர்க் தனியாக வராது. மேல் கீழ் டி (இரண்டு குழாயையும் பிடிக்கும் கிளாம்ப்), கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்), ஆக்சில், பிரேக் காலிப்பர் என்று செலவு நீளும். டி-யின் நடுத்தண்டான ஸ்டெம் வண்டியில் சேராவிட்டால் லேத் பட்டறைக்கு அலையவேண்டும். அதன் 21 இஞ்ச் வீலையும் போட்டால், 19 இஞ்சில் இருந்த முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். குறுகலான வாய்க்கால் கரையில் திருப்புவது சிரமம். இப்படி மாற்றிய வண்டியை வடவாற்றங்கரையில் கொஞ்ச தூரம் ஓட்டியதோடு சரி. குழிகளில் நன்றாகவே இறங்கி ஏறியது. மழைக்காலம் முழுக்க ஓட்டியவர் வேறு மாதிரி சொல்லலாம்.

என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு. நம்மூர்ச் சேற்றில் எந்த ஃபோர்க்காக இருந்தாலும் ஆயிலை உள்ளே நிறுத்தும் சீல் போகத்தான் போகும். சம்பா நடவு சமயத்தில் கேஜ் வீல் (சேற்றுழவுக்கான இரும்புச் சக்கரம்) மாட்டிய டிராக்டர் ரோட்டில் இழுத்துவிடும் களி, குழாயில் அப்பிக் காய்கிறது. ஷாக் அமுங்கும்போது அந்தப் பொருக்கு, மேலே தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலைத் தாண்டி ஆயில் சீலின் உதட்டில் சிக்கிக்கொள்கிறது. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் உப்புக்காற்று வேறு. குரோமில் ஊசிமுனை அளவுக்குத் துரு விழும். சீலை அறுப்பது அந்தப் புள்ளிதான். புதுச் சீல் சீக்கிரமே கசிந்தால் பலரும் சீலைத்தான் குறை சொல்வார்கள்.

குழாயைத் துடைத்துவிட்டு நகத்தை மேலிருந்து கீழாக இழுத்துப் பாருங்கள். சீல் ஏறி இறங்கும் பகுதியில் நகம் தட்டினால், 2000 நம்பர் வாட்டர் பேப்பரை ஆயிலில் நனைத்து மேட்டை மட்டும் லேசாக எடுக்கலாம். பள்ளம் ஆழமென்றால் ஹார்டு குரோம் போட்டு, பழைய அளவுக்கே கிரைண்ட் செய்யவேண்டும். அந்த அளவு பிசகினால் செலவு வீண். சீல் கிடைக்குமா என்ற பயம் வேண்டாம். உள் விட்டம், வெளி விட்டம், உயரம் மூன்றும் சீல் மேலேயே இருக்கும், அதைக் காட்டி வாங்கலாம். கசிவு லேசாக இருந்தால் பிரிக்கவே வேண்டாம். பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கொக்கிபோல வெட்டி, டஸ்ட் சீலை இறக்கிவிட்டு, ஆயில் சீலின் உதட்டுக்கும் குழாய்க்கும் நடுவே விட்டுச் சுற்றினால் கறுப்பு மண் வெளியே வரும். பாதி நேரம் அதோடு கசிவு நின்றுவிடும்.

பிரித்ததுதான் பிரித்தோம், டியூனிங்கையும் முடித்துவிடலாம். இந்த ஃபோர்க்கில் திருக ஸ்குரூ கிடையாது. ஆயிலும், ஸ்பிரிங் மேல் வைக்கும் ஸ்பேசரும்தான் கையில் இருப்பவை. 10W ஆயிலிலிருந்து இன்னும் கெட்டியான 15W-க்குப் போனால் குதிப்பு அடங்கும், ஆனால் சின்னக் கல் கையில் தெரியும். ஷாக் முழுக்க அமுங்கிக் கடைசியில் முட்டுகிறதென்றால் ஆயில் மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, குழாயை முழுக்க அமுக்கி, இரண்டு காலிலும் ஒரே மட்டம் வரும்படி அளக்கவேண்டும். அளவு மீறி ஊற்றினால் சீல் பிதுங்கும். ஆள் உட்கார்ந்ததும் ஷாக் 45 முதல் 60 மி.மீ. வரை இறங்கினால் சரி. அதற்கு மேல் இறங்கினால் ஸ்பிரிங் மேல் பிவிசி பைப் துண்டை, இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில், வைத்தால் போதும்.

குழாய் உள்ளே இறங்கும் கீழ்க்கேஸ் விரிசல் விட்டிருந்தால் கதை வேறு. அதற்கு மாற்று கிடைக்காதபோது எக்ஸ்பல்ஸ் ஃபோர்க்கை வாங்குங்கள். டி, ஆக்சில், காலிப்பரோடு முழு செட்டாக, ஒரே வண்டியிலிருந்து.