பழைய குவாலிஸா, பழைய இன்னோவாவா?

காரைக்குடி வட்டாரத்தில் ஏழெட்டுப் பேர் ஏறக்கூடிய பழைய டீசல் வண்டி தேடுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறார்கள். இரண்டுமே டொயோட்டா. 2000இல் வந்த குவாலிஸை 2005இல் நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். நான் வாங்கியது மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிய குவாலிஸ். என் சாய்வும் அதன் பக்கம்தான்.

சொகுசு, இழுவை, மறுவிற்பனை விலை மூன்றிலும் இன்னோவா மேல். குவாலிஸின் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங், அதாவது அடுக்கடுக்கான இரும்புப் பட்டை. மேடு பள்ளத்தில் கடைசி இருக்கைக்காரர்கள் குலுங்கத்தான் வேண்டும்.

ஆனால் வயதான டீசல் வண்டியின் பராமரிப்புச் செலவைத் தீர்மானிப்பது, இன்ஜினுக்குள் டீசல் எந்த முறையில் போகிறது என்பதுதான். குவாலிஸின் 2.4 லிட்டர் இன்ஜினில் இருப்பது பழைய முறை பம்ப். எவ்வளவு டீசல், எப்போது என்பதைப் பம்ப்பே இயந்திர முறையில் அளந்து அனுப்புகிறது. புகை கக்கினாலோ, காலையில் கிளம்ப அடம்பிடித்தாலோ டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி அழுத்தம் பார்க்கலாம்; பம்ப்பைப் பிரித்து சீல் மாற்றி அளவு சரிசெய்யலாம். பழகிய டீசல் பம்ப் மெக்கானிக்குக்கு இது அன்றாட வேலை.

இன்னோவாவின் 2.5 லிட்டர் இன்ஜின் காமன் ரயில் வகை: உயர் அழுத்த டீசல் ஒரு பொதுக் குழாயில் நின்று எல்லா இன்ஜெக்டர்களுக்கும் போகும். அழுத்தம் 1,000 பாருக்கு மேல், அதாவது காற்றழுத்தத்தைப் போல் சுமார் ஆயிரம் மடங்குக்கு மேல் போகும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறந்து மூடுவது கணினி சொல்படி. நல்ல நிலையில் இருக்கும்வரை அருமையான இன்ஜின். இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டால் அதற்கான சோதனை இயந்திரம் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். நான்கையும் மாற்ற நேர்ந்தால் செலவு வலிக்கும்.

நம் ஊர் வண்டிகள் ஓடும் விதமும் தனி. படைப்பு (முன்னோருக்குப் படையலிடும் குடும்ப வழிபாடு), கல்யாணம், பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி என்று சில நாள் விடாமல் ஓடும். பிறகு வாரக்கணக்கில் பூட்டிய வீட்டில் நிற்கும். குறைந்த டீசலோடு நின்றால் டாங்கில் ஈரம் சேர்ந்து தண்ணீராகும். அந்தத் தண்ணீர் இரண்டு வண்டிக்கும் எதிரிதான், ஆனால் நுண்ணிய காமன் ரயில் பாகங்களில் சேதத்தின் விலை அதிகம். எதை வைத்திருந்தாலும் டாங்கை நிரப்பி நிறுத்துங்கள். டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள்.

இன்னோவாவைச் சித்தப்பா மகன் வைத்திருக்கிறான். நான் ஓட்டியதெல்லாம் அவன் வண்டியைத்தான். நீண்டகாலச் செலவை அனுபவத்தில் சொல்ல என்னால் இயலாது. மாதந்தோறும் சென்னை போய்வருபவர் என்றால் இன்னோவாவையே எடுக்கச் சொல்வேன்.

15 ஆண்டு கடந்த சொந்த உபயோக வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டும். பார்க்கப் போகும்போது அந்தத் தேதியை முதலில் பாருங்கள். இரண்டு இன்ஜினிலும் டைமிங் பெல்ட் (வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் பெல்ட்) உண்டு. எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.