ரெட்லைனை ஏத்தித் தர்றேன்னு 14 மாசச் சம்பளத்தை ஏப்பம் விட்டுட்டாங்க, உஷார்!

நேத்து ராத்திரிதான் இன்ஜினைப் பிரிச்சுப் பார்த்தோம். கையில ஆயில் வாடை இன்னும் போகல, அதோடயே உட்கார்ந்து எழுதுறேன். எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருந்து, இன்னும் கொஞ்சம் எச்.பி. (குதிரைத்திறன்) ஏத்தலாமா, ரெட்லைனை, அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு இவ்வளவு சுத்துதான் சுத்தலாம்ங்கிற வரம்பை, தள்ளலாமான்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கிற யாராவது ஒருத்தர் படிச்சாலும் போதும். என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன். முதல்ல நடந்ததைக் கொட்டிடறேன்.

கடை பேரைச் சொல்லப் போறதில்லை. பெர்ஃபாமென்ஸ் டியூனிங் மட்டும் செய்யற கடை, சொந்தமா டைனோ (வண்டியோட பவரை அளக்கிற மெஷின்) வச்சிருக்காங்க, வீடியோவா போட்டுத் தள்ளுவாங்க. போனது 14 மாசச் சம்பளம். திரும்பவும் சொல்றேன், 14 மாசம் வேலைக்குப் போய்வந்த காசு.

என் வண்டி ரெண்டு சீட்டு, பின் சக்கர டிரைவ், 1.8 லிட்டர், டர்போ கிடையாது. ரெட்லைன் 7,000. வண்டியில ஒரு குறையும் இல்ல. ஆனா 7,000-ல லிமிட்டர் வந்து டுர்ர்ர்னு முட்டும்போதெல்லாம், இன்னும் ஒரு ஆயிரம் சுத்தினா எப்படி இருக்கும்னு ஒரு அரிப்பு. அந்த அரிப்புக்குத்தான் விலை கொடுத்தேன்.

கடைக்காரர் பேச்சுல தேன் தடவுற ஆளு இல்ல. அதுதான் பிரச்சினையே. பொறுமையா கணக்குச் சொன்னார். "தம்பி, டார்க்கை (சுத்தற விசை, நியூட்டன் மீட்டர்ல) ஆர்.பி.எம்.-ஆல (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) பெருக்கி 9,549-ஆல வகுத்தா கிலோவாட். டர்போ இல்லாம டார்க்கைப் பெருசா கூட்ட முடியாது. அப்போ சுத்தலைக் கூட்டு, பவர் தானா வரும்." கணக்கு சரிதான். மேல போகப் போக டார்க் விழாம இருந்தாத்தான் அந்தக் கணக்குக்கு அர்த்தம்கிறதை மட்டும் அவர் சொல்லல, எனக்கும் கேட்கத் தோணல.

அடுத்து ஹோண்டா எஸ்2000 கதை. "அதோட ரெண்டு லிட்டர் இன்ஜின் தொழிற்சாலையில இருந்து வரும்போதே 9,000 கிட்ட சுத்துது. அதுக்கு ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலயிருந்து கீழ வரைக்கும் ஓடற தூரம்) 84 மில்லிமீட்டர், உங்களுக்கு 85. நான் கேக்கறது 8,200தானே?" வீட்டுக்கு வந்து நானும் கணக்குப் போட்டேன். 84 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்ல 9,000 சுத்தினா பிஸ்டனோட சராசரி வேகம் நொடிக்கு 25.2 மீட்டர். என்னோடது 8,200-ல 23.2தான். அடடா, இடம் இருக்கேன்னு நினைச்சேன். முட்டாள். அந்த இன்ஜினை முதல் கோட்டுல இருந்தே அந்த வேகத்துக்காக வரைஞ்சாங்க. அதே ஹோண்டா பின்னாடி ஸ்ட்ரோக்கை 90.7 ஆக்கி 2.2 லிட்டர் கொண்டுவந்தப்போ, ரெட்லைனை 8,000-க்கு அவங்களே இறக்கினாங்க. இந்தப் பாதியைக் கடைக்காரர் சொல்லல.

நான் விழுந்த இடம் எதுன்னு கேட்டா, ஸ்பிரிங்தான். பெஞ்சுல இருந்து ரெண்டு வால்வ் ஸ்பிரிங்கை (காத்தையும் புகையையும் விடற வால்வைத் திரும்ப மூடறது) எடுத்து என் உள்ளங்கையில வச்சார். ஒண்ணு கம்பெனி ஸ்பிரிங், ஒத்தைச் சுருள். இன்னொண்ணு சுருளுக்குள்ள சுருள், மேல் வளையத்துல நீலமா ஒரு கீறல். அழுத்திப் பாருன்னார். கம்பெனி ஸ்பிரிங் கொஞ்சம் இறங்குச்சு, மத்தது அசையவே இல்ல. "வேகம் ஏறினா கேமோட (வால்வைத் தள்ளித் திறக்கிற தண்டு) ஓட்டத்துக்கு வால்வால திரும்ப மூட முடியாது. அந்தரத்துல நிக்கும், கீழ இருந்து பிஸ்டன் வந்து முட்டும். பழைய ஸ்பிரிங்கோட 8,000 போறது இன்ஜினுக்கு நம்ம கையால கொள்ளி வைக்கிற மாதிரி, தம்பி." அவர் வாயால சொன்ன வார்த்தை இது. ஞாபகம் வச்சுக்கங்க.

புது கேம், அந்த ரெட்டை ஸ்பிரிங், டைட்டானியம் ரீடெய்னர் (ஸ்பிரிங்கைப் பிடிக்கிற தொப்பி), கனெக்டிங் ராடு (பிஸ்டனைத் தாங்கற தண்டு) போல்ட், ஆயில் பம்ப் கியர், கடைசியா ஈ.சி.யூ. (இன்ஜினை நடத்தற கம்ப்யூட்டர்) ரீமேப். இதுதான் பேச்சு. "முழுசா வேணாம், பாதி கொடுங்க, மீதி வேலை முடிஞ்சதும்"னார். இப்படிச் சொல்ற ஆளை எப்படிச் சந்தேகப்படறது? நானே "பரவாயில்லண்ணே, பார்ட்ஸ் எல்லாம் ஒரேயடியா ஆர்டர் போட்டுடுங்க"ன்னு முழுத் தொகையையும் அனுப்பினேன். 14 மாசச் சம்பளம், யாரும் கழுத்தைப் பிடிக்காம, நானே பட்டனை அழுத்தி.

அஞ்சு வாரம் கழிச்சு வண்டி வந்துச்சு. டைனோ ஷீட் ரெண்டு: வேலைக்கு முன்னாடி 122 எச்.பி., அப்புறம் 151. பெரிய எழுத்துல இருந்த நம்பரைப் பார்த்தேன், சிரிச்சேன், ஷீட்டை மடிச்சு டாஷ்போர்டுல வச்சேன். ஊசி 8,000-ஐத் தாண்டுற சத்தத்துக்கு மயங்கி, வண்டி வேகமா ஆயிடுச்சுன்னே நம்பினேன். சத்தம் ஏறுச்சு, வேகம் ஏறலங்கிறது அப்போ உறைக்கல.

பத்தொன்பதாம் நாள். டிராக்ல, மூணாவது கியர், நேர் ரோடு. டின்னுக்குள்ள ஆணியைப் போட்டுக் குலுக்கின மாதிரி ரெண்டே நொடி சத்தம். அணைஞ்சுது. மூணாவது சிலிண்டர் பிளக்கைக் கழட்டினா அதோட முனை சுத்தியலால அடிச்ச மாதிரி தட்டையா நசுங்கிக் கிடக்கு.

போன் போட்டேன். முதல் நாள், "அப்படியா தம்பி, ஐயய்யோ, பார்த்துக்கலாம்." ரெண்டாம் நாள், "என்ன ஆயில் ஊத்துனீங்க?" அவங்க ஊத்தின ஆயில்தான் அண்ணே. மூணாம் நாள் எடுக்கல. நாலாம் நாள் வேற ஒரு பையன் எடுத்து, "மாஸ்டர் வெளிய போயிருக்கார்"ங்கிறான். பின்னாடி மாஸ்டர் குரல் கேக்குது! ஒரு வாரம் கழிச்சு ஒரு வாய்ஸ் மெசேஜ்: "நீங்க நாலுல இருந்து மூணுக்குப் போடறதுக்குப் பதிலா ரெண்டுக்குப் போட்டிருக்கீங்க. ஓவர் ரெவ். அதுக்கு நாங்க பொறுப்பில்ல."

சரி, இதுக்கு ஆதாரம் இருந்துச்சு. போன்ல ஓடற டேட்டா லாக்கரை எப்பவும் போட்டுத்தான் ஓட்டுவேன். கியர் மாத்தித் தப்புப் பண்ணினா லிமிட்டரால ஒண்ணும் செய்ய முடியாது, அது பெட்ரோலை நிறுத்துமே தவிர சக்கரம் இன்ஜினை இழுத்துச் சுத்தறதை நிறுத்தாது. அப்படி நடந்திருந்தா கோடு 9,000, 10,000-னு செங்குத்தா ஏறியிருக்கும். என் லாக்ல அதிகபட்சம் 8,140. அவங்களே வச்ச லிமிட்டுக்கு 60 கீழ. அனுப்பினேன். நீல டிக் வந்துச்சு. மறுநாள் பதில்: "லாக்கை யார் வேணாலும் மாத்தலாம். ரேஸ் பார்ட்டுக்கு வாரண்டி கிடையாது." பில்லாவது கொடுங்கன்னு கேட்டேன். கையில இருக்கிறது ஒரு துண்டுச் சீட்டு, "இன்ஜின் வேலை, முழுத் தொகை பெறப்பட்டது". என்ன பார்ட், எந்த நம்பர், ஒரு வரி இல்ல.

வேற ஒரு பழைய மெக்கானிக்கிட்ட இழுத்துட்டுப் போனேன். டியூனிங் எல்லாம் பேசமாட்டார், ரிப்பேர் மட்டும். நேத்து ராத்திரி ஹெட்டை (வால்வெல்லாம் இருக்கிற இன்ஜின் மேல் பாகம்) இறக்கினார். ஸ்பிரிங்கைத் துடைச்சு விளக்குக்கிட்ட காட்டினார். ஒத்தைச் சுருள். பதினாறும் ஒத்தைச் சுருள். கம்பெனி பெயிண்ட் கோடு அப்படியே இருக்கு. கேம்ல இருக்கிற வார்ப்பு நம்பரும் சர்வீஸ் மேனுவல் நம்பரும் ஒண்ணு. ராடு போல்ட்டை ஒருத்தரும் தொட்டதே இல்ல. பேரிங் தேய்ஞ்சு உள்ள இருக்கிற செம்பு தெரியுது. மூணாவது சிலிண்டர்ல ஒரு எக்ஸாஸ்ட் வால்வோட தலை உடைஞ்சு பிஸ்டன்ல சொருகி நிக்குது. "ஹெட்டையே இறக்கலப்பா. கேஸ்கெட் கம்பெனி கேஸ்கெட்"னு அவர் சொன்னப்போ அங்கேயே தரையில உட்கார்ந்துட்டேன்.

ஆக அவங்க செஞ்சது ஒரே வேலை, ஈ.சி.யூ.-ல 7,000-ஐ அழிச்சு 8,200-னு எழுதினது. சுத்தல் கூடினா ராடு மேல வர்ற இழுவை அதோட வர்க்கத்துக்கு ஏறும். 7,000-ல இருந்து 8,200-ன்னா 37 சதவீதம் அதிகம். பழைய போல்ட், பழைய ஸ்பிரிங் தலையில அதை ஏத்திட்டு, கொள்ளி வைக்கிற மாதிரின்னு எனக்குப் பாடமும் எடுத்தாங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல.

அப்போ அந்த 151 எங்கிருந்து வந்துச்சு? ராத்திரி ரெண்டு மணிக்கு ஷீட்டை விரிச்சேன். முதல் ஷீட் மூலையில பொடி எழுத்துல "வீல், எஸ்.ஏ.இ.". ரெண்டாவதுல "ஃப்ளைவீல், எஸ்.டி.டி.". முதல்ல சக்கரத்துல அளந்துட்டு, அப்புறம் ஃப்ளைவீல், அதாவது இன்ஜின்கிட்டயே இருக்கிற பவர்னு காட்ட, 15 சதவீதம் டிரான்ஸ்மிஷன் நஷ்டம்னு தானா சேர்த்துக்கிட்டாங்க. 122-ஐ 0.85-ஆல வகுத்தா 143.5. எஸ்.ஏ.இ., எஸ்.டி.டி. ரெண்டும் காத்தோட சூடு, அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி நம்பரைத் திருத்தற முறைங்க; எஸ்.டி.டி. திருத்தம் எஸ்.ஏ.இ.-யை விட ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதலா காட்டும். ஆச்சு, 149. மிச்சம் ரெண்டு. 14 மாசச் சம்பளத்துக்கு ரெண்டு எச்.பி.! போதாததுக்கு ரெண்டு ஷீட்லயும் உச்சம் 6,600-லதான். அதுக்கு மேல கோடு சறுக்கிக்கிட்டே போகுது. நான் உயிரைக் கொடுத்து 8,000 வரைக்கும் இழுத்த ஒவ்வொரு தடவையும் வண்டி மெதுவாத்தான் போயிருக்கு.

மஸ்டா 2019-ல எம்எக்ஸ்-5-ஓட ரெண்டு லிட்டர் இன்ஜின் ரெட்லைனை 6,800-ல இருந்து 7,500 ஆக்கினாங்க. வெறும் 700. அதுக்கே பிஸ்டன் ஒவ்வொண்ணுலயும் 27 கிராம், ராடு ஒவ்வொண்ணுலயும் 41 கிராம் குறைச்சு, வால்வ், கேம், ஸ்பிரிங், த்ராட்டில் பாடி எல்லாம் மாத்தினாங்க. அப்படிச் செஞ்சுதான் அமெரிக்க மாடல்ல 155 எச்.பி. 181 ஆச்சு. எனக்கு 1,200 ஏத்தித் தர்றேன்னவங்க ஒரு வால்வ் கவர் போல்ட்டாவது கழட்டியிருப்பாங்களான்னு சந்தேகம்.

விவரமா சொல்றேன்னேன், இப்போ அதுக்கு மனசு இல்ல. அவசரத்துக்கு இவ்வளவுதான். கழட்டின பழைய பார்ட்டை வீட்டுக்கு வாங்கிட்டு வாங்க. "தூக்கிப் போட்டாச்சு"ன்னா கழட்டவே இல்லன்னு அர்த்தம். ஹெட் இறங்கினப்போ உங்க இன்ஜின் நம்பரும் தெரியற மாதிரி போட்டோ கேளுங்க. டைனோ ஷீட்ல பெரிய நம்பரை விட்டுட்டு மூலையைப் பாருங்க, பவர் உச்சம் எந்த ஆர்.பி.எம்.-னு பாருங்க. அது மேல நகரலன்னா ரெட்லைன் ஏத்தினதுல பிரயோஜனம் இல்ல. பார்ட் நம்பர் போட்ட பில் இல்லாம காசு கொடுக்காதீங்க. பாதி போதும்னு சொன்னா பாதியே கொடுங்க.

இதை எழுதிட்டு இருக்கும்போதே அவங்க பக்கத்துல ஒரு புது வீடியோ வந்திருக்கு. யாரோ ஒரு பையன் உள்ளங்கையை நீட்டிக்கிட்டு நிக்கிறான், ரெண்டு ஸ்பிரிங் வைக்கிறாங்க. நிறுத்திப் பெருசாக்கிப் பார்த்தேன். மேல் வளையத்துல நீலக் கீறல்.